ருதைனாவின் வலது தாடை

ருதைனாவுக்கு வாய் திறக்காமல் போனது ஒரு வெள்ளிக்கிழமை காலையில். அன்றைக்கு மாலைதான் அவளைப் பெண் பார்க்க ஆட்கள் வருவதாக இருந்தது.

கண் விழித்ததும் கொட்டாவி வந்தது. வந்த கொட்டாவி பாதியில் நின்றுவிட்டது. வலது காதுக்கு முன்னால் எதுவோ குறுக்கே வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. இன்னொரு தரம் முயன்று பார்த்தாள். கீழ்த்தாடை கொஞ்சம் இறங்கி, வலப்பக்கமாக ஒதுங்கி, அதற்கு மேல் வரமாட்டேன் என்றது. ஆள்காட்டி விரலைப் பல்லுக்கு நடுவே விட்டுப் பார்த்தாள். ஒரு விரல் நுழைந்தது. இரண்டாவது நுழையவில்லை. எழுந்து முகம் கழுவி, பல் தேய்க்கும் பிரஷ்ஷைப் பக்கவாட்டில் செருகித் தேய்த்து, படுக்கையை மடித்து வைத்துவிட்டுக் கீழே போனாள்.

கீழே அண்ணன் மனைவி மய்யாதா அடுப்படியில் இருந்தாள். "ருதைனா, அந்த வெள்ளி காபித் தட்ட எடுத்துத் துடைச்சு வை" என்றாள். ருதைனா துடைத்து வைத்தாள். வாய் திறக்கவில்லை என்று சொல்லவில்லை. மறைக்கவேண்டும் என்றெல்லாம் அவளுக்கு எண்ணம் கிடையாது. தனக்கு ஒன்று ஆனால் அதை நாலு பேரிடம் சொல்லலாம் என்ற நினைப்பே அவளுக்கு வருவதில்லை. அப்படி ஆகி வெகுகாலம் ஆகிவிட்டது.

நாற்பத்தொரு வயது. இர்பித் நகரத்தில், பழைய சந்தைக்குப் பின்னால் அண்ணன் கஸ்ஸானின் வீட்டு மாடியில் ஓர் அறை அவளுடையது. அப்பா கட்டிய வீடுதான். காலையில் எட்டு மணிக்குக் கிளம்பினால், பருப்பும் விதையும் வறுத்து விற்கிற அபூ நவ்வாஃபின் கடைக்குப் போய்விடுவாள். அங்கே அவளுக்கு வேலை, வாயில் போட்டுப் பார்ப்பது. வறுக்கும் உருளையிலிருந்து தர்பூசணி விதையோ, பூசணி விதையோ, பாதாமோ, கொண்டைக்கடலையோ கொட்டியதும் ஒரு பிடி அவளிடம் வரும். முன்பல்லில் வைத்து விதையை உடைப்பாள், கடைவாய்க்குத் தள்ளி அரைப்பாள், "இன்னும் கொஞ்சம் வறுக்கணும்" என்பாள், அல்லது "உப்பு ஒட்டல" என்பாள். இடது பக்கம் கீழ்க் கடைவாய்ப் பல் இரண்டும் இல்லை. இருபதுகளில் பிடுங்கியது, அப்புறம் அங்கே எதுவும் கட்டவில்லை. அதனால் அரைப்பதெல்லாம் வலது பக்கம்தான். உப்பு ருசி நாக்கை விட்டுப் போவதற்காக இடையிடையே மஸ்தகிப் பிசினை மென்றுகொண்டிருப்பாள். ஆக, விடிந்து அடையும்வரை அந்தத் தாடைக்கு ஓய்வு கிடையாது.

வாயைத் திறக்கும்போது வலது பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். பக்கத்தில் நிற்பவர்களுக்கே கேட்கும். அபூ நவ்வாஃப் கல்லாவில் இருந்தபடி கேட்பார்: "ஏ ருதைனா, உடையிறது பாதாமா, நீயா?"

"பாதாம்தான் ஹாஜி."

"பாத்துக்கம்மா. பாதாம் வேற வாங்கிக்கலாம்."

எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். வலித்ததா என்று கேட்டால் சில நாள் வலித்தது, சில நாள் இல்லை. காலையில் எழுந்தால் கன்னம் இறுகிக் கிடக்கும். வெந்நீரில் முகம் கழுவினால் சரியாகிவிடும். சரியாகிவிடுகிற ஒன்றைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

அந்த வெள்ளிக்கிழமை மாலை வந்தவர் முன்திர் என்பவர். அபூ ஹாஸிம் என்றுதான் எல்லோரும் அழைப்பார்கள். ஐம்பது வயது, தரைக்குப் பதிக்கும் ஓடு விற்கும் கடை வைத்திருந்தார். மனைவி இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. ஒரே மகன் ஹாஸிம் வேலைக்கு வளைகுடா போய்விட்டான். கஸ்ஸான் தன் கடைக்கு ஓடு வாங்கப்போன இடத்தில் பழக்கமாகி, பேச்சு இங்கே வந்து நின்றது. அவரோடு அவருடைய அக்கா உம் குஸை வந்திருந்தாள். பருத்த உடம்பு, உரத்த குரல், கை நிறைய வளையல். வரும்போதே நல்ல கடையிலிருந்து சூடான குனாஃபா இனிப்பு ஒரு தாம்பாளம் வாங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

ருதைனா காபி கொண்டுவந்து வைத்தாள். குனிந்து சலாம் சொன்னாள். உதடு மட்டும் அசைந்தது. உம் குஸை அவளைத் தன் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டாள்.

"கடையில என்ன வேலைம்மா பாக்குற?"

"ருசி பாக்குறது" என்றாள் ருதைனா, பல்லோடு பல்லாக.

"என்ன?"

மய்யாதா முந்திக்கொண்டு சொன்னாள்: "கூச்சம்க்கா அவளுக்கு. ரொம்ப கொஞ்சமாத்தான் பேசுவா."

"கொஞ்சமாப் பேசுறது நல்லதுதான். எங்க வீட்டுல நான் ஒருத்தி பேசுனா போதும்" என்று உம் குஸை சிரித்துவிட்டு, குனாஃபாவில் ஒரு பெரிய துண்டைக் கரண்டியில் எடுத்தாள். உள்ளே இருந்த பாலாடைக்கட்டி நூல்நூலாக இழுத்தது. "எங்க, வாயத் திற கண்ணு. என் கையால ஒரு வாய்."

ருதைனா வாயைத் திறந்தாள். திறந்ததாகத்தான் அவள் நினைத்தாள். கரண்டி பல்லில் முட்டியது. சர்க்கரைப் பாகு மோவாயில் வழிந்தது.

"திறம்மா!"

மறுபடி கரண்டி பல்லில் முட்டியது. உம் குஸையின் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. கரண்டியைத் தட்டில் வைத்தாள். "நம்ம வீட்டு இனிப்பு இவங்க வாய்க்கு ஆகாது போல" என்று தம்பியைப் பார்த்துச் சொன்னாள். "பிடிக்கலன்னா வார்த்தையாச் சொல்லிட்டுப் போகலாம். பல்லக் கடிச்சுக்கிட்டு உக்காந்தா என்ன அர்த்தம்?"

கஸ்ஸானின் முகம் சிவந்துவிட்டது. ருதைனா மோவாயைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு அவமானமாக இருந்திருக்கவேண்டும். அறையில் எல்லோரும் அவள் சார்பாக அவமானப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அவளோ விரிப்பில் விழுந்த ஒரு பாகுத் துளியைப் பார்த்து, எறும்பு வருமே என்று நினைத்தாள்.

முன்திர் மட்டும், "விடுக்கா. அவங்களுக்கு எங்கயோ வலிக்குது. காதுக்கிட்ட கையி போயிப்போயி வருது பாரு" என்றார்.

"நீ பேசாம இரு" என்றாள் உம் குஸை.

அவர்கள் போனதும் கதவைச் சாத்திவிட்டு வந்தான் கஸ்ஸான். "எனக்கு அந்த மனுஷன் முகத்துல எப்படி முழிக்கிறது? ஆங்? வேண்டாம்னா நேத்தே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே! வாயிருக்குல்ல?"

"திறக்கலண்ணே."

"என்ன திறக்கல?"

"வாய். காலைலேர்ந்து."

கஸ்ஸான் மனைவியைப் பார்த்தான். மய்யாதா முதலில் சிரித்தாள், அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்து, தேக்கரண்டியின் காம்பை எடுத்து நாத்தியின் பல்லுக்கு நடுவே வைத்து நெம்பினாள். ருதைனாவின் கண்ணில் நீர் வந்துவிட்டது. "அடியம்மா, நிஜமாவே திறக்கல!" என்றாள் மய்யாதா. "அட கிறுக்கி, காலைல சொல்றதுக்கென்ன?"

மய்யாதா கண்ணேறு என்றாள். அந்த உம் குஸை வாசலில் நுழையும்போது பார்த்த பார்வையே சரியில்லை என்றாள். அவள் வருவதற்கு முன்பே, காலையிலேயே பூட்டிக்கொண்டதே என்று கஸ்ஸான் சொன்னதற்கு, கிளம்பும்போதே நினைத்திருப்பாள் என்றாள். சாம்பிராணி போட்டு, ஓதி ஊதி, ஆலிவ் எண்ணெயைக் காய்ச்சித் தாடையில் தேய்த்தாள். எண்ணெய் இதமாக இருந்தது. வாய் திறக்கவில்லை. இரண்டு நாள் பருப்புக் கஞ்சியை உறிஞ்சிக் குடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணனோடு பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

டாக்டர் ஹனீன் முப்பதைத் தாண்டிய பெண். வேகமாகப் பேசுவாள், மெதுவாகத் தொடுவாள். ருதைனாவை நாற்காலியில் சாய்த்து, மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே சிறு அளவுகோலை வைத்துப் பார்த்தாள். காதுக்கு முன்னால் இரண்டு விரலையும் வைத்து, திறக்கச் சொல்லி, மூடச் சொல்லி, பக்கவாட்டில் அசைக்கச் சொன்னாள்.

"முன்னாடி சத்தம் வருமா?"

"வரும். டக்குனு."

"இப்ப?"

ருதைனா யோசித்தாள். வெள்ளிக்கிழமையிலிருந்து அந்தச் சத்தம் வரவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. "இல்ல."

"வராது. இங்க பாருங்க." டாக்டர் இடது உள்ளங்கையைக் குழித்து, வலது முஷ்டியை அதில் பொருத்தினாள். நடுவில் ஒரு பஞ்சுத் துண்டை வைத்தாள். "இது மண்டை எலும்பு, இது தாடை எலும்பு. நடுவுல மெத்த மாதிரி ஒரு சின்னத் தட்டு இருக்கும். உங்களுக்கு அது முன்னால நழுவி ரொம்ப வருஷம் ஆச்சு. இத்தன நாள் நீங்க வாயத் திறக்கும்போது அது மறுபடி எலும்பு மேல ஏறி உக்காந்துச்சு. அந்தச் சத்தம்தான் டக்குனு கேட்டது. இப்ப ஏறமாட்டேங்குது. முன்னாலயே மடங்கிக் கெடந்து வழிய மறிக்குது."

"எதனால டாக்டரம்மா? எதாவது கடிச்சதாலயா?" என்று கேட்டான் கஸ்ஸான்.

"ஒண்ணச் சொல்லி இதனாலதான்னு கைகாட்ட முடியாதுங்க. இது இருக்கிறவங்ககிட்ட கூடவே சில விஷயங்கள் இருக்கும். அத ஒவ்வொண்ணாக் கேக்குறேன்." டாக்டர் ருதைனாவின் பக்கம் திரும்பினாள். "ஒரு பக்கமா மெல்லுவீங்களா?"

"வலது பக்கம்."

"இந்த இடது பல்லு போயி எவ்வளவு நாளாச்சு?"

"பதினேழு பதினெட்டு வருஷம் இருக்கும்."

"பிசின் மெல்லுற பழக்கம், விதை கொறிக்கிற பழக்கம்?"

கஸ்ஸான் தன்னையறியாமல் சிரித்துவிட்டான். "அவ வேலையே அதுதாங்க."

"தூக்கத்துல பல்லக் கடிப்பீங்களா?"

"தெரியாது. தனியாத்தான் படுக்குறேன்."

"பகல்ல? சும்மா இருக்கும்போது பல்லு ரெண்டும் சேர்ந்து இருக்குமா?"

"சேர்ந்துதானே இருக்கும்?" என்றாள் ருதைனா. சேராமல் இருக்க முடியும் என்பது அவளுக்குப் புதுச் செய்தியாக இருந்தது.

"மனசுக்குக் கஷ்டம் ஏதாவது? வீட்டுல, வேலையில?"

"இல்ல."

"முகத்துல எப்பவாவது அடி பட்டிருக்கா? விழுந்தது, இடிச்சது?"

"இல்ல."

டாக்டரின் கட்டைவிரல் அதற்குள் மோவாய்க்குக் கீழே போயிருந்தது. அங்கே தோலில் ஒரு கோடு தட்டுப்பட்டது. தலைத்துணியைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தாள். "அப்ப இது என்ன?"

"அது பழசு."

"எவ்வளவு பழசு?"

"அப்பா இறந்தப்ப."

கஸ்ஸான் நிமிர்ந்து பார்த்தான்.

ருதைனா சொன்னாள். கடையில் எந்த மூட்டையில் எந்தச் சரக்கு இருக்கிறது என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. நிச்சயம் ஆகியிருந்தது. கல்யாணத்துக்கான துணி எடுக்க அப்பாவும் அவளும் தலைநகர் அம்மானுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அப்பாவுடைய பழைய ஓப்பல் கார். அம்மாவுக்குக் கால் வீக்கம் என்பதால் அவள் வரவில்லை. ஜெராஷ் தாண்டி ஒரு வளைவில், தக்காளிப் பெட்டி ஏற்றிய லாரி ஒன்று தன் பக்கத்தை விட்டு இந்தப் பக்கம் வந்துவிட்டது. காரின் முன்பலகையில் அவள் மோவாய் போய் மோதியது. நிமிர்ந்து பார்த்தபோது அப்பா ஸ்டியரிங் மேல் சாய்ந்திருந்தார். சாலை முழுக்கத் தக்காளி. ஆட்கள் ஓடிவந்தார்கள். யார், எந்த ஊர், வீட்டு நம்பர் என்ன என்று கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் அவள் பதில் சொன்னாள். யாரோ ஒரு அம்மாள் தன் துணியைக் கிழித்து மோவாயைச் சுற்றிக் கட்டிவிட்டாள். ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். அப்புறம் துக்க வீடு.

"அப்ப தாடைய யாராவது பாத்தாங்களா? படம் எடுத்தாங்களா?"

"இல்ல. அப்பாவப் பாத்துக்கிட்டு இருந்தாங்க."

"வாய் திறக்கும்போது வலிச்சுதா?"

"வலிச்சிருக்கும்" என்றாள் ருதைனா.

துக்க வீட்டில் மூன்று நாளும் அவள் காபிக் கோப்பை கழுவினாள். பெண்கள் மாற்றி மாற்றி வந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள், அவள் நின்றாள். "நெஞ்சுரம் உள்ள பொண்ணு" என்றார்கள். "பல்லக் கடிச்சுக்கிட்டு தாங்குறா பாரு" என்றார்கள். அது பாராட்டு என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள். துக்கம் விசாரிக்க வந்த மாப்பிள்ளை வீட்டார், கல்யாணத்தை ஒரு வருஷம் தள்ளி வைக்கலாம் என்றார்கள். ஒரு வருஷம் கழித்து மாப்பிள்ளை குவைத்துக்குப் போனான், அங்கிருந்து மோதிரத்தைத் திருப்பி அனுப்பச் சொல்லித் தகவல் வந்தது. அனுப்பினாள். அதற்கடுத்த வருஷம் அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். எல்லாவற்றிலும் ருதைனாதான் ஓடியாடிக் காரியம் பார்த்தாள். இதையெல்லாம் டாக்டரிடம் அவள் சொல்லவில்லை. டாக்டர் கேட்டது அடிபட்டதைப் பற்றி, அவள் அதை மட்டும் சொன்னாள்.

டாக்டர் தலைத்துணியை மறுபடி சரியாக இழுத்துவிட்டாள். பிறகு, "சரி. சொன்னது நல்லதாப் போச்சு" என்றாள்.

திரும்பி வரும்போது கஸ்ஸான் காரை மெதுவாக ஓட்டினான். தெருவில் தள்ளுவண்டிக்காரன் ஒருவன் குறுக்கே வந்ததற்கு வழக்கம்போலக் கத்தவில்லை.

"நான் அப்ப பட்டாளத்துல இருந்தேன்" என்றான்.

"ஆமாண்ணே."

"நீயும் அந்தக் கார்ல இருந்தேன்னு தெரியும். உனக்கு ஒண்ணும் ஆகலன்னுதான் சொன்னாங்க."

"ஒண்ணும் ஆகலதான்."

அவன் காரை வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினான். மறுநாள் சாயங்காலம் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து அடுப்படி மேடையில் வைத்தான். புது மிக்ஸி. "அவளுக்கு எல்லாத்தையும் இதுல அடிச்சுக் குடு" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, சட்டை மாற்றப் போய்விட்டான். மய்யாதா அன்றைக்கே ஆர்வக் கோளாறில் மன்ஸஃபை மொத்தமாக அதில் போட்டு அடித்தாள், சோறு, கறி, தயிர் எல்லாம் சேர்த்து. சாம்பல் நிறத்தில் ஒரு கூழ் வந்தது. ருதைனா அதைக் குடித்தாள். "எப்படி இருக்கு?" என்று கேட்டதற்கு, "சுவர் பூசலாம் அண்ணி" என்றாள். மய்யாதா தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

வைத்தியம் மாதக்கணக்கில் நடந்தது. மாத்திரை, மென்மையான சாப்பாடு, வெந்நீர் ஒத்தடம், தூங்கும்போது கீழ்ப்பல்லில் மாட்டிக்கொள்ள அளவெடுத்துச் செய்த ஒரு பிளாஸ்டிக் தகடு. வாரம் ஒரு தடவை டாக்டர் கையுறையோடு கட்டைவிரலை வலது கடைவாய்ப் பல்மேல் வைத்து, தாடையைக் கீழே அழுத்தி முன்னால் இழுப்பாள். அப்போது ருதைனாவின் கண்ணிலிருந்து நீர் காதுக்குள் வழியும்.

"அழாதீங்க. இதோ விட்டுட்டேன்."

"அழல. தண்ணி வருது. நீங்க இழுங்க."

டாக்டர் சொன்ன எல்லாவற்றிலும் அவளுக்குக் கடினமாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். "உதடு சேரலாம், பல்லு சேரக்கூடாது. சாப்பிடும்போது தவிர பல்லுக்கும் பல்லுக்கும் வேலையே இல்ல" என்று சொல்லி, மணிக்கட்டில் ஒட்டிக்கொள்ளச் சின்னச் சின்ன சிவப்பு ஒட்டுப்பொட்டு கொடுத்திருந்தாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் பல் சேர்ந்திருக்கிறதா என்று கவனிக்கவேண்டும். ருதைனா கவனித்தாள். பஸ்ஸில் நிற்கும்போது சேர்ந்திருந்தது. கடையில் பொட்டலம் கட்டும்போது சேர்ந்திருந்தது. பாத்திரம் துலக்கும்போது, துணி காயப்போடும்போது, தொழுகையில் குனிந்து நிமிரும்போது, மய்யாதா பக்கத்து வீட்டுக் கதையைச் சொல்லும்போது. எப்போது பார்த்தாலும் யாரோ அவள் அறியாமல் வந்து பூட்டிவிட்டுப் போனது போல இறுகியிருந்தது. பிரிப்பாள். பிரித்த தாடை தன்னுடையதில்லை என்பதுபோலத் தொங்கும். ஒரு கஜம் நடப்பதற்குள் மறுபடி சேர்ந்துவிடும்.

கடையில் இனி மெல்லும் வேலை ஆகாது என்றாகிவிட்டது. அபூ நவ்வாஃப் பெருமூச்சு விட்டு, அவளைத் தராசில் நிறுத்தினார். ருசி பார்ப்பதைத் தானே எடுத்துக்கொண்டார். ரத்தக்கொதிப்புக்காக அவர் மனைவி வீட்டில் உப்பை நிறுத்திவிட்டிருந்ததால், கடையில் அவர் வாயில் போட்டதெல்லாம் உப்புக் கரிப்பதாகத் தோன்றியது. ஒரு மாதம் இர்பித்தில் பாதிப்பேர் சப்பென்ற விதை தின்றார்கள்.

முன்திர் அந்த மாதத்தில்தான் கடைக்கு வந்தார். மத்தியானம், கூட்டம் இல்லாத நேரம். உப்பில்லாத பூசணி விதை அரைக் கிலோ கேட்டார்.

"இப்ப எல்லாமே உப்பில்லாததுதான்" என்றாள் ருதைனா, நிறுத்துக்கொண்டே. "உங்களுக்கு ரத்தக்கொதிப்பா?"

"இல்ல. என்ன கேக்குறதுன்னு தெரியல, அதான் கேட்டேன்." அவர் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றார். "வாய் எப்படி இருக்கு?"

"ரெண்டு விரல் நுழையுது."

"நல்லது." கொஞ்சம் தயங்கினார். "உங்கண்ணன் வந்து சொன்னாரு. ஆஸ்பத்திரியில சொன்னதெல்லாம்."

"உங்கக்கா என்ன சொன்னாங்க?"

"நெஜமாவே நோவுன்னு தெரிஞ்சதுக்கப்புறம் இன்னும் கோவம். தெரியாம ஏசிட்டேனே, இப்ப யார ஏசுறதுன்னு என்னய ஏசிக்கிட்டு இருக்கா."

ருதைனா தராசுத் தட்டைத் துடைத்தாள். பிறகு சொன்னாள்: "அபூ ஹாஸிம், நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். உங்கள எனக்குப் பிடிக்கலன்னு இல்ல. பிடிச்சிருக்குன்னும் இல்ல. எனக்கு எதுவும் தோணல. உங்கள மட்டும் இல்ல, எதப் பாத்தாலும் அப்படித்தான். ரொம்ப நாளாவே."

அவர் ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. "ஹாஸிமோட அம்மா போனதுக்கப்புறம் எனக்கும் அப்படித்தான்" என்றார். "கடையத் திறக்குறேன், மூடுறேன். ஓடு நல்லாருக்கான்னு கேக்குறாங்க, நல்லாருக்குங்குறேன். எனக்கு எல்லா ஓடும் ஒண்ணாத்தான் தெரியுது. அக்காதான் பயந்துபோயி பொண்ணு பாக்கணும்னு நிக்கிறா." கல்லாவில் தூங்கி வழிந்துகொண்டிருந்த அபூ நவ்வாஃபைத் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "நான் அவசரப்படல. உங்களுக்கும் அவசரம் வேண்டாம். வீட்டுல ரெண்டு அறை சும்மா கெடக்கு. யாரும் யாரையும் அழு, சிரின்னு தொந்தரவு பண்ண மாட்டோம். அவ்வளவுதான் சொல்ல வந்தேன்."

அவர் போன பிறகு ருதைனா மணிக்கட்டில் இருந்த பொட்டைப் பார்த்தாள். பல் சேர்ந்திருக்கவில்லை. எவ்வளவு நேரமாகச் சேராமல் இருந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதற்கு ஒரு காரணமும் அவளுக்குப் பிடிபடவில்லை. அதை மனதில் குறித்துக்கொண்டு வேலையைப் பார்த்தாள்.

அவர் அடுத்த வாரமும் வந்தார், அதற்கடுத்த வாரமும் வந்தார். அவருக்கு விதை தின்னும் பழக்கமே கிடையாது என்பதும், வாங்கியதையெல்லாம் கடைப் பையன்களுக்குக் கொடுத்துவிடுகிறார் என்பதும் பின்னால் தெரிந்தது. குளிர்காலம் தொடங்கும்போது கஸ்ஸான் தங்கையைக் கூப்பிட்டு, "நான் இனி இதப் பத்திப் பேசமாட்டேன். உன் வாயால என்ன சொல்றியோ அதான்" என்றான்.

"சரின்னு சொல்லிடுண்ணே."

"அவர உனக்குப் பிடிச்சிருக்கா?"

ருதைனா நேர்மையாக யோசித்துப் பார்த்தாள். "அவர் இருந்தா வலிக்கல" என்றாள்.

கஸ்ஸானுக்கு அது போதுமா, போதாதா என்று தெரியவில்லை. மனைவியைப் பார்த்தான். மய்யாதா தலைத்துணி முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணம் சின்னதாக நடந்தது. உம் குஸை வந்து, பெண்கள் கூட்டத்தின் நடுவே ருதைனாவின் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டு, "எந்தப் பக்கம் வலி? இதா, அதா? சொல்லு, அந்தப் பக்கம் முத்தம் குடுக்கல" என்று கேட்டு, இடது பக்கம் மட்டும் நாலு முத்தம் கொடுத்தாள். குலவையிடும்போது ருதைனாவின் காதருகே வராமல் தள்ளி நின்று குலவையிட்டாள்.

தாடைக்குள் நழுவிய தட்டு தன் இடத்துக்குத் திரும்பவில்லை. திரும்பாது என்று டாக்டர் ஹனீன் படம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள். அது முன்னாலேயே கிடக்கும், அதன் பின்னால் இருக்கும் திசு மெல்ல மெல்ல மரத்துப்போய் அதுவே ஒரு மெத்தை மாதிரி ஆகிக்கொள்ளும், நிறையப் பேருக்கு அப்படித்தான் ஆகிறது, அதை வைத்துக்கொண்டு நன்றாகவே வாழ்கிறார்கள் என்றாள். "மரத்துப்போறது நல்லதா டாக்டரம்மா?" என்று ருதைனா கேட்டாள். "இந்த எடத்துல நல்லதுதான்" என்றாள் டாக்டர். இடது பக்கத்துக்குப் பல் கட்டினார்கள். இரண்டரை விரல் அளவுக்கு வாய் திறந்தது. சத்தம் இல்லை. ஆப்பிளை நறுக்கித்தான் தின்ன முடியும்.

முன்திரின் வீடு மேட்டில், ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில். அவள் காலையில் தராசுக்குப் போனாள், அவர் ஓட்டுக் கடைக்குப் போனார். சாயங்காலம் சாப்பிட்டார்கள். வெள்ளிக்கிழமைகளில் ஹாஸிம் போனில் பேசினான். முதலில் அவளை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று திணறினான், பிறகு சின்னம்மா என்று கூப்பிடத் தொடங்கினான். வீட்டில் பேச்சு குறைவு. அந்தக் குறைவு இருவருக்கும் ஒத்துப்போனது.

கல்யாணமான அடுத்த கோடையில், ஊரில் குழாய்த் தண்ணீர் இரண்டு வாரமாக வரவில்லை. தொட்டி காய்ந்து கிடந்தது. தண்ணீர் வண்டிக்காரனுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அவன் வந்தான். வந்தவன் கீழ்வீட்டுக்கு ஊற்றிவிட்டு, எதிர்வீட்டுக்கு ஊற்றிவிட்டு, குழாயைச் சுருட்டி வண்டியில் போட்டுக் கிளம்பினான். பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்த ருதைனா அதைப் பார்த்தாள்.

"ஏய்!" என்று கத்தினாள். "ஏய் தண்ணி வண்டி! மூணாம் மாடி என்ன பாலைவனமா? நில்லுய்யா! நேத்துலேர்ந்து சொல்லி வச்சிருக்கு, கண்ணு தெரியலயா? நிறுத்துறியா, செருப்ப எறியட்டுமா?"

தெரு முழுக்க மேலே பார்த்தது. வண்டி நின்றது. வண்டிக்காரன் ஜன்னலில் தலையை நீட்டி, "அக்கா, மறந்துட்டேன்க்கா, கோவிச்சுக்காதீங்க" என்றான்.

"மறப்ப! கீழ இருக்கவனுக்கு மட்டும் மறக்கல!"

அவன் குழாயை மறுபடி அவிழ்த்தான். ருதைனா உள்ளே வந்தாள். வலது காதுக்கு முன்னால் சுள்ளென்று வலித்தது. நெஞ்சு படபடவென்று அடித்தது. துண்டை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து கன்னத்தில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். மேலே தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

முன்திர் சாப்பாட்டுக்கு வந்தபோது அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"என்ன ஆச்சு?"

"கத்திட்டேன்."

"யார?"

"தண்ணி வண்டிக்காரன."

அவர் சாவியை ஆணியில் மாட்டினார். "ஊத்துனானா?"

"ஊத்துனான். நிறைச்சு."

"சரி" என்று சொல்லிவிட்டு, அவர் போய் அடுப்பில் இருந்த சூப்பை இறக்கி, இரண்டு கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு வந்தார்.